பஞ்சாலை நகரின் மறுவாழ்வு



கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று வழங்குவதை நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்பெயருக்கு மூலமான மான்செஸ்டர் நகரில் நான் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் உறவினர் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அங்கே எத்தனை பஞ்சாலைகள் இருக்கின்றன, மாமா?" என்று கேட்பார்கள். "ஆலைக் கட்டடங்கள் பல உண்டு; ஆனால் அவற்றுள் பஞ்சு இல்லை" என்று நான் விடை கூறுவேன். அவர்கள் நம்ப மாட்டார்கள். ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நகைப்பார்கள்.

வேடிக்கை அன்று, அதுதான் உண்மை. உலகிற்கெல்லாம் ஆடை அனுப்பிய அந்நகரம் ஒருகாலத்தில் தன் தொழிலை முற்றும் இழந்து சோர்ந்தது. பின்னர் வேறு தொழில்களால் மீண்டும் எழுந்து நின்றது. இன்று அதைக் காணப் பல நாட்டாரும் வருகின்றனர். நீங்களும் ஒருநாள் வரக்கூடும். அப்போது எங்கே நடக்க வேண்டும், எதைக் காண வேண்டும் என்பதை அவ்வூரில் வாழ்பவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன். எனக்கு மற்றோர் உரிமையும் உண்டு. என் பாட்டனார் சென்னிமலையில் கைத்தறி நெய்தவர். "சீமைத் துணி வந்தது, நம் தறி தூங்கியது" என்று அவர் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சீமைத் துணி புறப்பட்ட ஊரில் நான் வாழ நேர்ந்தது காலத்தின் விந்தையே ஆகும்.

மான்செஸ்டர் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் உள்ளது. இர்வெல், இர்க், மெட்லாக் என்னும் மூன்று சிற்றாறுகள் அங்கே கூடுகின்றன. கிழக்கே பெனைன் மலைத்தொடர். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் முதல் ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றின. அருகிலேயே நிலக்கரி கிடைத்தது. வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். காற்றில் ஈரம் மிகுதி. நூல் எளிதில் அறாது. குடை எடுக்காமல் வெளியே செல்பவனை அவ்வூரார் புதியவன் என்று அறிந்துகொள்வர். ஆகவே, வருவோர்க்கு என் முதல் அறிவுரை குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே.

நம் நடையைக் காசில்ஃபீல்ட் என்னும் பகுதியில் தொடங்குவோம். கி.பி. 79ஆம் ஆண்டளவில் உரோமானியர் கோட்டை கட்டிய இடம் இது. அக்கோட்டையின் வாயில் பழைய வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. அதன் அருகில் ஒரு கால்வாய்த்துறை உண்டு. பிரிட்ஜ்வாட்டர் கோமகன் என்பவர், வொர்ஸ்லியில் இருந்த தம் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியைப் படகில் கொணர்வதற்கு ஒரு கால்வாய் வெட்டுவித்தார். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர் அதனை அமைத்தார். 1761இல் திறக்கப்பெற்ற அக்கால்வாய், சில ஆண்டுகளில் இவ்விடத்தை எட்டியது. நகரில் நிலக்கரியின் விலை பாதியாகக் குறைந்தது. நிலக்கரி மலிந்தது, அதன் பின் நீராவி இயந்திரம் வந்தது, ஆலைகள் ஓடைக்கரையை விட்டு நகருக்குள் புகுந்தன.

காசில்ஃபீல்டிலிருந்து சில அடிகள் நடந்தால் லிவர்பூல் சாலை நிலையம் வரும். இரண்டு பெருநகரங்களை நீராவி வண்டியால் இணைத்த முதல் இருப்புப்பாதை 1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இங்கே திறக்கப்பெற்றது. உலகில் எஞ்சியுள்ள பயணியர் நிலையங்களுள் இதுவே மிகப் பழையது. எதிரில் நிற்கும் கிடங்கும் அதே ஆண்டில் கட்டியதே. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சு மூட்டைகள் இவ்வழியாகத்தான் நகருக்கு வந்தன. 1975இல் நிலையம் முற்றும் மூடப்பட்டது. 1983இல் அருங்காட்சியகம் ஆயிற்று. அறிவியல் தொழில் அருங்காட்சியகம் என்று பெயர். உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. பழுதுபார்ப்பதற்காகச் சில கட்டடங்களை அவ்வப்போது மூடுவதுண்டு. ஆதலால் முன்னரே விசாரித்துச் செல்வது நலம்.

இங்குள்ள பஞ்சு இயந்திரங்களை நின்று காணுங்கள். பஞ்சைச் சிக்கெடுத்து, பட்டையாக்கி, முறுக்கி, நூலாக்கி, தறியில் ஏற்றும் தொழில் முழுவதையும் ஒரே கூடத்தில் வரிசையாகக் காணலாம். ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டம் 1769இல் காப்புரிமை பெற்றது; கிராம்ப்டனின் நூற்புப்பொறி 1779இல் வந்தது; கார்ட்ரைட்டின் விசைத்தறி 1785இல் வந்தது. இந்தப் பதினாறு ஆண்டுகளில் உலக நெசவின் தலைவிதி மாறிற்று. ஆனால் இந்தக் கதைக்கு முன்னுரை ஒன்று உண்டு. அது நம் நாட்டில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் பருத்தித் துணியைக் குறிக்கும் காலிக்கோ என்னும் சொல், கள்ளிக்கோட்டை என்னும் ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தது. இந்தியத் துணியை ஆங்கிலேயர் விரும்பி வாங்கியதால், தங்கள் நெசவாளர் நலிகின்றனர் என்று 1700இலும் 1721இலும் அவர்களுடைய பாராளுமன்றமே சட்டம் இயற்றி அதைத் தடுத்தது. நம் துணியைப் போல் மெல்லிய துணியைத் தாமும் மலிவாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை, இயந்திரங்களைக் கண்டறியத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாகும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் குடியேறிய வீட்டிற்கு அடுத்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். பதினான்கு வயதில் நெசவாலைக்குச் சென்று, ஆலை மூடும்வரை தறி ஓட்டியவர். பேசும்போது உதடுகளைப் பெரிதாக அசைத்துப் பேசுவார். காரணம் கேட்டேன். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக இயங்கும் இடத்தில் காதில் எதுவும் விழாது. ஆதலால் அங்கே பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே உரையாடுவார்கள் என்றார். ஆலை நின்று முப்பது ஆண்டுகள் ஆகியும் அவர் உதடுகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு தறியை ஓட்டிக் காட்டும்போது எழும் ஓசையைக் கேட்டபின்னரே அவர் சொன்னதை நான் முழுதும் உணர்ந்தேன்.

இனிக் கிழக்கு நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் புனித பீட்டர் சதுக்கத்தை அடையலாம். இங்கே 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டும். அக்காலத்தில் மான்செஸ்டருக்குப் பாராளுமன்றத்தில் தனி உறுப்பினர் ஒருவரேனும் இல்லை. வாக்குரிமை வேண்டி ஏறத்தாழ 60,000 மக்கள் இங்கிருந்த திடலில் கூடினர். நெசவாளரும் நூற்பவரும் தம் மனைவி மக்களுடன், இருப்பவற்றுள் நல்ல ஆடை உடுத்து, கையில் படைக்கலம் இன்றி வந்தனர். ஹென்றி ஹண்ட் என்பவர் பேசத் தொடங்கியதும், அவரைச் சிறைப்பிடிக்கும்படி நீதிபதிகள் ஆணையிட்டனர். குதிரைப்படை வாளுடன் கூட்டத்தில் பாய்ந்தது. பதினெட்டுப் பேர் வரை மாண்டனர். அறுநூறு பேருக்கு மேல் காயமுற்றனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற பெருமையைக் கேலி செய்து, மக்கள் இதனைப் பீட்டர்லூ என்று அழைத்தனர்.

இந்நிகழ்ச்சிக்குத் தகுந்த நினைவுச்சின்னம் எழுப்ப அந்நகருக்கு இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. 2019இல்தான் வட்டமான கற்படிகளாலான சின்னம் ஒன்று அருகில் அமைக்கப்பட்டது. மாண்டவர் பெயர்களும், அவர்கள் புறப்பட்டு வந்த ஊர்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே சதுக்கத்தில் 1934இல் திறக்கப்பெற்ற வட்டவடிவ நூலகம் உண்டு. பொதுநூலகச் சட்டத்தின்படி ஏழை எளியவர்க்கும் இலவசமாக நூல் வழங்கும் நிலையத்தை 1852லேயே திறந்த நகரம் இது. நூலகத்தின் எதிரே, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் சிலை 2018 முதல் நிற்கிறது. அவர் 1903இல் தம் இயக்கத்தைத் தொடங்கியது இந்நகரில் உள்ள தம் வீட்டிலேயே ஆகும். வாளால் கலைக்கப்பட்ட கூட்டத்தின் கோரிக்கை, இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது.

சதுக்கத்தின் அருகில், 1856இல் கட்டி முடித்த தடையிலா வாணிக மன்றத்தின் முகப்பைக் காணலாம். உள்ளே இப்போது தங்கும் விடுதி நடைபெறுகிறது. 1862ஆம் ஆண்டின் கடைசி நாளன்று இம்மன்றத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம். தென்மாநிலத் துறைமுகங்களை லிங்கனின் கப்பற்படை முற்றுகையிட்டதால் பஞ்சு வரவில்லை. லங்காஷயரின் ஆலைகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் பிறர் உதவியால் உயிர் வாழ்ந்தனர். அத்தகைய பசிக்காலத்தில் கூடிய அத்தொழிலாளர்கள், முற்றுகையை நீக்குங்கள் என்று கேட்கவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் பணியில் நீங்கள் வெல்ல வேண்டும் என்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினர். 1863 ஜனவரியில் லிங்கன் நன்றி கூறி விடை எழுதினார். அக்கடிதத்தின் பகுதியைத் தாங்கிய லிங்கன் சிலை அண்மையில் உள்ள மற்றொரு சதுக்கத்தில் நிற்கிறது.

அந்தச் சிலையின் முன் நிற்கும்போது இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. லங்காஷயர் மக்கள் அனைவரும் ஒரே எண்ணம் கொண்டிருக்கவில்லை; தென்மாநிலத்தார்க்குப் பரிந்து பேசிய ஊர்களும் இருந்தன. மேலும், அந்நகரின் செல்வம் அடிமைகள் கொய்த பஞ்சால் பெருகியது என்பதை எவரும் மறைத்தற்கில்லை. பீட்டர்லூவுக்குப்பின் சீர்திருத்தக் கொள்கையுடன் 1821இல் இந்நகரில் தோன்றிய கார்டியன் இதழைத் தொடங்கியவர்க்கும், அவருக்குப் பொருள் தந்தவர்க்கும் அடிமை உழைப்போடு தொடர்பு இருந்தது என்று ஆராய்ந்து கண்டு, அதன் உரிமையாளராகிய அறக்கட்டளையினர் 2023இல் மன்னிப்புக் கேட்டனர். அமெரிக்கப் பஞ்சு நின்ற அந்த ஆண்டுகளில் இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. உழவர் பலர் கடன் வாங்கிப் பருத்தி பயிரிட்டனர். 1865இல் போர் முடிந்ததும் விலை வீழ்ந்தது. கடன் மட்டும் நின்றது. மான்செஸ்டரில் ஆலைச் சங்கு ஊதாவிட்டால் தக்காணத்து உழவன் வீட்டிலும் அடுப்பு எரியாது என்னும் நிலை அன்று ஏற்பட்டது.

இனி அரச வாணிக மாளிகைக்குச் செல்வோம். பஞ்சும் நூலும் துணியும் விலை பேசிய மண்டபம் இது. 1913இல் பிரிட்டன் ஏறத்தாழ 700 கோடி கெஜம் பருத்தித் துணியை வெளிநாடுகளுக்கு அனுப்பிற்று. அதில் ஏறத்தாழ 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. தடையிலா வாணிகம் என்பது அந்நகரின் வேதம். ஆனால் இந்தியாவின் திசையில் அந்த வேதம் நடுநிலை தவறிற்று. லங்காஷயர் துணிக்கு வரி விதித்தால், இந்திய ஆலைத் துணிக்கும் உள்நாட்டிலேயே வரி வேண்டும் என்று வற்புறுத்தி, 1896இல் 3.5 விழுக்காடு தீர்வையை விதிக்கச் செய்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அத்தீர்வை நீடித்தது. இந்த மண்டபத்தின் தூண்களுக்கிடையே நிற்கும்போது, என் பாட்டனாரின் தூங்கிய தறி என் நினைவில் வராமல் இருந்ததில்லை.

ஆயினும், அந்த மண்டபத்தின் கதியும் காண்க. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இங்கே வாணிகம் அடியோடு நின்றது. அன்றைய விலைகள் குறித்த பலகை இன்றும் சுவரின் உயரத்தில் அப்படியே இருக்கிறது. கீழே, எஃகும் கண்ணாடியும் கொண்டு எழுமுகமாக அமைத்த நாடக அரங்கம் 1976இல் திறக்கப்பெற்றது. அரங்கின் முழுப் பளுவையும் தாங்கத் தரைக்கு வலிமை போதாது என்று, மண்டபத்தின் நான்கு பெருந்தூண்களிலிருந்து அதனைத் தொங்கவிட்டுள்ளனர். பஞ்சு விலை கூவிய இடத்தில் இன்று நாடகம் நடக்கிறது. விலைப்பலகையை அகற்றாமல் வைத்த அறிவை நான் பாராட்டுகிறேன். அதைக் காணாமல் அரங்கை மட்டும் கண்டு மீள்பவர், கதையின் பாதியையே கண்டவர் ஆவர்.

தொழில் எவ்வாறு வீழ்ந்தது? முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவும் சப்பானும் தம் ஆலைகளைப் பெருக்கின. நம் நாட்டில் அந்நியத் துணி மறுப்பு இயக்கம் எழுந்தது. 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள் லங்காஷயரின் டார்வென் என்னும் ஆலையூருக்கு வந்தார். தம் இயக்கத்தாலும் வேலை இழந்திருந்த தொழிலாளரை நேரில் கண்டு, இந்தியாவின் வறுமையை விளக்கினார். சினந்து எழுவர் என்று அஞ்சிய இடத்தில், ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்தனர். அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வாணிக மாளிகைக்குச் சற்று வடக்கே, பேராலயத்தின் வெளியே, 2019இல் நிறுவிய காந்தியடிகளின் வெண்கலச் சிலை நிற்கிறது. அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீழ்ச்சி விரைந்தது. 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில், பிரிட்டன் தான் விற்ற பருத்தித் துணியைவிட வாங்கிய துணி மிகுதி என்னும் நிலையை அடைந்தது. வாங்கிய துணி இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழைய கதிர்களையும் தறிகளையும் உடைத்து அகற்றும் ஆலையார்க்கு அரசே பணம் தந்தது. என் அடுத்த வீட்டு அம்மையார் ஓட்டிய தறிகள் சம்மட்டியால் உடைக்கப்பட்டதை அவர் தம் கண்ணால் கண்டவர்.

ஒருநாள் மாலை தேநீர் அருந்துகையில், என் பாட்டனார் சொன்னதை அவரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, உதடுகளைப் பழையபடி பெரிதாக அசைத்து, "எங்கள் துணி உங்கள் பாட்டனாரின் தறியை நிறுத்தியது. உங்கள் துணி என் தறியை நிறுத்தியது. நம் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றார். அச்சொற்கள் என்னைவிட்டு அகலவில்லை. ஆளும் நாட்டின் தொழிலாளியும் ஆளப்பட்ட நாட்டின் நெசவாளியும் ஒத்த துன்பம் உற்றனர் என்று நான் கூற வரவில்லை. அவர்கள் நாட்டில் வேலை இழந்தோர்க்கு உதவிப் பணம் இருந்தது, நம்மவர்க்கு அதுவும் இல்லை. ஆயினும், தறியின்முன் நின்ற கைகளைக் கேளாமலே தறியின் விதி தீர்மானிக்கப்பட்டது என்பது இரு திசையிலும் உண்மை.

காந்தியடிகள் சிலையின் அண்மையில் 1653இல் நிறுவிய செத்தம் நூலகம் உண்டு. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இதுவே மிகப் பழைய பொதுநூலகம். 1845இல் மார்க்சும் எங்கெல்சும் சேர்ந்து அமர்ந்து படித்த சன்னலோர மேசையை இன்றும் காட்டுகின்றனர். எங்கெல்சு தம் தந்தையார் பங்குதாரராக இருந்த பஞ்சாலையில் பணிபுரிய 1842இல் வந்தவர். தெருத்தெருவாக நடந்து, தொழிலாளர் வாழ்ந்த இருட்டறைகளையும் சாக்கடைகளையும் கண்டு எழுதிய நூல் 1845இல் வெளிவந்தது. நகரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்பதற்கு அந்நூல் ஒரு பாடமாகும். பெருந்தெருவின் அழகிய கடைகளுக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் அவர்.

நகரம் மீண்டெழுந்த கதையைச் சிலர் 1996இலிருந்து தொடங்குவர். அவ்வாண்டு சூன் 15ஆம் நாள், ஐரியக் குடியரசுப் படையினர் சுமைவண்டியில் வைத்த பெருங்குண்டு நகரின் நடுவில் வெடித்தது. நகரின் தென்பகுதியில் இருந்த என் வீட்டுச் சன்னல்களும் அதிர்ந்தன. முன்னரே எச்சரிக்கை வந்து மக்களை அகற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. இருநூறு பேருக்கு மேல் காயமுற்றனர். சுற்றிலும் கட்டடங்கள் சிதைய, சிவந்த அஞ்சற்பெட்டி ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. கார்ப்பரேஷன் தெருவில் இன்றும் அதனைக் காணலாம். அதன்பின் நகர நடுவைப் புதிதாக அமைத்தனர் என்பது உண்மையே. ஆனால் மீட்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1982இல் ஒரு வாயில் மூடியது: 1894 முதல் கடற்கப்பல்களை உள்நாட்டிற்குக் கொணர்ந்த கப்பல் கால்வாயின் சால்ஃபோர்டுத் துறைகள் அவ்வாண்டு நின்றன. அதே காலத்தில், காசில்ஃபீல்டின் பழங்கட்டடங்களை இடிக்காமல் காக்கும் முயற்சி பிறந்தது. 1992இல் மின்சார டிராம் வண்டிகள் தெருக்களுக்குத் திரும்பி வந்தன. 2002இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தன. மூடிய துறைகளின் கரையில் 2000இல் லௌரி கலைக்கூடம் எழுந்தது, 2011இல் பி.பி.சி.யின் பல பிரிவுகள் அங்கே குடியேறின. டிராமில் ஏறினால் சிறிது நேரத்தில் அங்கே சென்று மீளலாம்.

பல்கலைக்கழகமும் நகரைத் தாங்கி நின்றது. அணுவின் உட்கரு உண்டு என்பதை ரதர்போர்டு 1911இல் வெளியிட்டது இங்கேதான். கட்டளைகளைத் தன் நினைவகத்திலேயே வைத்து இயங்கிய முதல் மின்னணுக் கணிப்பொறி 1948 சூன் 21ஆம் நாள் ஓடியதும் இங்கேதான். 2004இல் கிராஃபீன் என்னும் ஓரணுத் தடிப்புள்ள கரித்தாளைப் பிரித்தெடுத்த இருவர், 2010இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இயற்கையும் ஒரு சான்று தருகிறது. உயிரியல் படிப்போர் இதை அறிவர். வெளிர்நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட ஒருவகை அந்துப்பூச்சி அங்கே உண்டு. 1848இல் மான்செஸ்டரில் அதன் கருநிற வகை கண்டறியப்பட்டது. புகைக்கரி மரங்களைக் கருப்பாக்கியதால், வெளிர்நிறப் பூச்சிகளைப் பறவைகள் எளிதில் கண்டு உண்டன. கருநிறப் பூச்சிகள் பிழைத்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ அனைத்தும் கருநிறமே. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, புகை குறைந்தது, மெல்ல மெல்ல வெளிர்நிறப் பூச்சிகள் திரும்பிவிட்டன.

ஆனால் புகையால் விரட்டப்பட்டவை திரும்பியது போல், தொழிலால் வாழ்ந்து தொழிலால் கைவிடப்பட்ட மக்கள் திரும்பினார்களா? இதற்கு விடை காண ஆன்கோட்சு பகுதிக்கு வாருங்கள். வாணிக மாளிகையிலிருந்து வடகிழக்கே பதினைந்து நிமிட நடை. 1798இல் தொடங்கிய மர்ரே ஆலைகள் இங்கே கால்வாய் ஓரம் செங்கல் மலைபோல் நிற்கின்றன. சன்னல்கள் துலக்கப்பட்டு, சுவர்கள் கழுவப்பட்டு, ஆலைகளின் உள்ளே அழகிய குடியிருப்புகள் அமைந்துவிட்டன. தெருவில் காப்பிக்கடைகளும் ரொட்டிக்கடைகளும் நிறைந்துள்ளன. மாலைவேளையில் அங்கே உலாவுவது இன்பமே. ஆயினும், அந்த ஆலைகளில் உழைத்தவரின் பேரப்பிள்ளைகளுள் பலர் அங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்க இயலாது. கட்டடம் பிழைத்தது, அதன் வாடகை ஏறியது. மீட்சி பெற்ற நகரங்களில் எல்லாம் இக்குறை உண்டு. வானளாவிய கோபுரங்களை அண்ணாந்து பார்க்கும்போது இதனையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மறுநாள் நேரமிருப்பின் டிராமில் ராச்டேல் என்னும் ஊருக்குச் செல்லுங்கள். டோடு சந்து என்னும் தெருவில் ஒரு சிறுகடை அருங்காட்சியகமாக உள்ளது. 1844 டிசம்பர் 21ஆம் நாள், நெசவாளர் உள்ளிட்ட எளிய தொழிலாளர் ஏறத்தாழ முப்பதின்மர், ஆளுக்கு ஒரு பவுனாகச் சேர்த்த முதலைக்கொண்டு அக்கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு ஆகியவற்றைக் கலப்படமின்றிச் சரியான எடையில் விற்றனர். ஆதாயத்தை வாங்கியவர்க்கே பங்கிட்டனர். உலகக் கூட்டுறவு இயக்கம் இக்கடையை முன்மாதிரியாகக் கொண்டது. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் இதன் வழித்தோன்றலே. மான்செஸ்டரின் மாபெரும் வாணிகம் நின்றுபோயிற்று. அதன் அருகில் ஏழை நெசவாளர் திறந்த மளிகைக்கடையின் முறையோ நம் ஊர் வரையில் பரவி இன்றும் வாழ்கிறது.

மாணவ நண்பர்களே, நம் நாட்டிலும் பஞ்சாலைகள் பல மூடிக்கிடக்கின்றன. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சங்கு ஓய்ந்த ஆலைகளின் மதில்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாளை அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு உங்களுள் சிலருக்கு வரலாம். அப்போது மான்செஸ்டரிடமிருந்து கற்கத்தக்கவை உண்டு: பழைய கட்டடத்தை இடிக்காதிருத்தல், கடைசி விலைப்பலகையை அகற்றாதிருத்தல், மாண்டவர் பெயரைக் கல்லில் எழுதுதல். அந்நகரம் தவறவிட்ட பாடமும் உண்டு: அங்கே உழைத்தவர்களுக்கும் அக்கட்டடத்தில் ஓர் இடம் ஒதுக்குதல்.

அடுத்த வீட்டு அம்மையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் வேலை செய்த ஆலை இன்று பொருட்கிடங்காக இருக்கிறது. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. என் பாட்டனார் பெயரும் இல்லை. ஆதலால், ஊருக்கு வருவோரை அழைத்துச் செல்லும்போதெல்லாம், அருங்காட்சியகத் தறியின்முன் சற்று நேரம் நிறுத்தி, அந்த ஓசையைக் கேட்கச் சொல்வது என் வழக்கம். பிறகு, அந்த ஓசைக்கு நடுவே ஒருவரோடொருவர் பேசிப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் வரும்போதும் அவ்வாறே செய்யுங்கள்.